போஸ்ட்கிரெஸ் நிறுவியாயிற்று, இனி எந்தக் கணக்கில் உட்கார்ந்து வேலை செய்வது?

லினக்ஸ் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவுவது இரண்டு நிமிட வேலை. குழப்பம் மூன்றாவது நிமிடத்தில் தொடங்கும். ஒரு வழிகாட்டி ‘சூடோ எஸ்யூ - போஸ்ட்கிரெஸ்’ என்று தட்டச் சொல்லும். இன்னொன்று ‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல்’ போதும் என்னும். மூன்றாவது, உங்கள் பெயரிலேயே ஒரு பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும். நான்காவது, ஒரு பாஸ்வேர்டை வைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். நான்குமே வேலை செய்யும். தொல்லையே அதுதான். எது ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து இதில் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த வழி பின்னால் தலைவலி தரும் என்று யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினியில் உங்கள் பயனர் பெயர் ‘கயல்’ என்று வைத்துக்கொள்வோம். ‘எஸ்யூ’ வேறொரு பயனராக மாறும் கட்டளை. ‘சூடோ’ ஒரு கட்டளையை வேறொருவர் பெயரில், வழக்கமாக ரூட் என்ற முழு அதிகாரப் பயனரின் பெயரில், ஓட்டுவது. ‘பிஎஸ்க்யூஎல்’ தரவுத்தளத்தோடு பேசும் கருவி. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்துதான்.

## ஒரே பெயரில் இரண்டு பேர்

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற பெயரில் உங்கள் கணினியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் லினக்ஸ் பயனர். தொகுப்பை நிறுவும்போது உருவானவர். அவருக்கென்று ஒரு வீட்டு அடைவு உண்டு. தரவுக் கோப்புகள் அவர் பெயரில் இருக்கும். சர்வர் ஓடுவதும் அவர் பெயரில்தான். இன்னொருவர் தரவுத்தளத்துக்குள்ளே இருக்கும் பயனர். போஸ்ட்கிரெஸ் மொழியில் இவருக்கு ‘ரோல்’ என்று பெயர். இவருக்கு உள்ளே எல்லா அதிகாரமும் உண்டு; அப்படிப்பட்ட ரோலைச் ‘சூப்பர்யூசர்’ என்பார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு. லினக்ஸ் பயனரின் பாஸ்வேர்டை மாற்றினால் ரோலின் பாஸ்வேர்டு மாறாது. ரோலுக்கு பாஸ்வேர்டு வைத்தால் லினக்ஸ் பயனருக்கு அது தெரியவே தெரியாது.

இந்த இருவரையும் இணைப்பது ‘பியர்’ என்ற சரிபார்ப்பு முறை. ஒரே கணினிக்குள் இருந்து இணைக்கும்போது, மறுமுனையில் இருப்பது யார் என்று சர்வர் உங்களைக் கேட்காது, இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்கும். ‘கயல்’ என்று கெர்னல் சொன்னால், ‘கயல்’ என்ற ரோலாக மட்டுமே உள்ளே விடும். பாஸ்வேர்டு கிடையாது. டெபியன், உபுண்டு தொகுப்புகளில் உள்ளூர் இணைப்புகளுக்கு இயல்பாக இருப்பது இதுதான். ஆக, கணக்கு மாறு கணக்கு மாறு என்று வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்காகத்தான்.

இது புரிந்துவிட்டால், புதியவர்களை மிரட்டும் மூன்று பிழைச் செய்திகளும் தாமாகவே விளங்கிவிடும். போஸ்ட்கிரெஸ் ரோலுக்குப் ‘பியர் சரிபார்ப்பு தோல்வி’ என்று வந்தால், நீங்கள் கயலாக இருந்துகொண்டு போஸ்ட்கிரெஸ் என்று சொல்லி நுழையப் பார்த்திருக்கிறீர்கள். ‘கயல் என்ற ரோல் இல்லை’ என்று வந்தால், பெயர் எதுவும் சொல்லாமல் நுழைந்திருக்கிறீர்கள். உங்கள் லினக்ஸ் பெயரையே அது எடுத்துக்கொண்டது. ‘கயல் என்ற தரவுத்தளம் இல்லை’ என்று வந்தால் வருத்தப்பட வேண்டாம், அது முன்னேற்றம். ரோல் சரியாகிவிட்டது. தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லாததால் ரோலின் பெயரிலேயே ஒன்றைத் தேடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இந்தத் தனிக் கணக்கு, ரூட்டிலேயே ஓடினால் என்ன என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் சர்வர் ரூட்டாக ஓட மறுத்துவிடும்; செய்தி போட்டுவிட்டு நின்றுவிடும். யாராவது சர்வரை உடைத்து நுழைந்தாலும் அவர் கைக்கு வருவது அந்த ஒரு கணக்கு மட்டும்தான், முழுக் கணினி அல்ல என்ற எண்ணம்தான் காரணம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். கை தவறினால் எவ்வளவு போகும் என்பது முதலாவது. ‘இந்த நொடியில் நான் யார்’ என்பது திரையைப் பார்த்ததும் தெரிகிறதா என்பது இரண்டாவது. புதியவருக்கு இதுதான் மிக முக்கியம் என்பேன். மூன்றாவது, உருவாகும் கோப்புகளும் அட்டவணைகளும் யார் பெயரில் விழுகின்றன. நான்காவது, யார் எப்போது என்ன செய்தார் என்ற தடயம் பதிவேட்டில் மிஞ்சுகிறதா. ஐந்தாவது, இன்று கையால் செய்வதையே நாளை ஒரு செயலியோ ஸ்கிரிப்டோ செய்ய வேண்டி வந்தால் இந்த வழி தாங்குமா.

எத்தனை எழுத்து தட்ட வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான் என்பது வேறு விஷயம்.

## வழி 1: முழுவதுமாக போஸ்ட்கிரெஸ் ஆகிவிடுவது

‘எஸ்யூ - போஸ்ட்கிரெஸ்’ என்று நேரடியாகத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்கும். எந்தப் பாஸ்வேர்டு? உங்களுடையது அல்ல, போஸ்ட்கிரெஸ் என்ற லினக்ஸ் பயனருடையது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பூட்டியே வைக்கப்பட்டிருக்கும். நிறுவும்போது எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பலர் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான். ‘சூடோ எஸ்யூ - போஸ்ட்கிரெஸ்’ என்றோ ‘சூடோ -ஐ -யு போஸ்ட்கிரெஸ்’ என்றோ தட்டினால் உங்கள் பாஸ்வேர்டே போதும். முதலாவதில் ரூட்தான் எஸ்யூவை ஓட்டுகிறது, ரூட்டிடம் எஸ்யூ எதையும் கேட்பதில்லை. இரண்டாவது அதே வேலையைச் சுற்றிவளைக்காமல் செய்கிறது.

நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோடு அலங்காரத்துக்கு இல்லை. கோடு இருந்தால் அந்தப் பயனர் புதிதாக லாகின் செய்தது போல அவருடைய சூழல் மாறிகளும் வீட்டு அடைவும் வந்து சேரும். கோடு இல்லாவிட்டால் ஆள் மட்டும் மாறுவார்; நின்ற அடைவும் பழைய பாதை மாறியும் பெரும்பாலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆரக்கிளில் இதுவே அரை நாளைத் தின்றுவிடும். அங்கே தரவுத்தளம் எங்கே இருக்கிறது, எந்தத் தரவுத்தளம் என்பதெல்லாம் ஆரக்கிள் பயனரின் தொடக்கக் கோப்பில்தான் வழக்கமாக எழுதியிருப்பார்கள். கோட்டை விட்டுவிட்டால் எஸ்க்யூஎல்பிளஸ் என்ற கட்டளையே இல்லை என்று சொல்லிவிடும்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் பல. முதலாவது, மறந்துபோவது. பிஎஸ்க்யூஎல்லை விட்டு வெளியே வந்ததும் நம் கணக்குக்குத் திரும்பிவிட்டோம் என்று மனம் நினைத்துக்கொள்ளும். இன்னும் ஒரு ‘எக்ஸிட்’ பாக்கி இருக்கும். இரண்டு டெர்மினல் திறந்திருந்தால் எதில் யார் என்பது சீக்கிரமே கலங்கிப்போகும். அப்படியொரு நாளில் சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து வேறொன்றை அழித்திருக்கிறேன். என் சொந்தக் கணக்கில் இருந்திருந்தால் ‘நீ இதன் உரிமையாளர் இல்லை’ என்று சர்வரே தடுத்திருக்கும்.

இரண்டாவது, போஸ்ட்கிரெஸ் கணக்குக்கு சூடோ உரிமை கிடையாது. உள்ளே இருந்துகொண்டு சர்வரை மறுதொடக்கம் செய்யப் பார்த்தால் ‘சூடோயர்ஸ் கோப்பில் பெயர் இல்லை’ என்று திட்டு விழும். உடனே அதைச் சூடோ குழுவில் சேர்த்துவிடும் யோசனை வரும். தயவுசெய்து வேண்டாம். தனிக் கணக்கு வைத்த நோக்கமே அதோடு போய்விடும். ‘எக்ஸிட்’ தட்டி உங்கள் கணக்குக்கு வந்து செய்யுங்கள்.

மூன்றாவது, தடயம். இன்னார் இத்தனை மணிக்கு போஸ்ட்கிரெஸ் ஆக மாறினார் என்பது மட்டும்தான் பதிவேட்டில் இருக்கும். அதற்குப் பிறகு நடந்த எல்லாம் ஒரே பெயரில், ஒரே வரலாற்றுக் கோப்பில். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் கவலையில்லை. மூன்று பேர் புழங்கும் சர்வரில் ‘யார் செய்தது’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

சரி, இது எப்போது நல்லது? அந்தக் கணக்கின் கோப்புகளோடு வரிசையாகப் பல வேலை இருக்கும்போது. பதிப்பு மேம்படுத்தல், முழுப் பிரதி எடுப்பது, இரண்டாவது சர்வருக்கு நகலாக்கம் அமைப்பது, அதற்கான எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் நுழையும் வழி) சாவியை அந்தக் கணக்கில் உருவாக்குவது போன்றவை. ‘பிஜி_அப்கிரேட்’ போன்ற கருவிகளை ரூட்டாக ஓட்டவும் முடியாது, உங்கள் பெயரில் ஓட்டியும் பயனில்லை. அப்போது உள்ளே போய் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வருவதுதான் சரி. புதியவருக்கு முதல் மாதத்தில் இப்படி ஒரு வேலை வரும் வாய்ப்பு குறைவு.

## வழி 2: ஒரு கட்டளைக்கு மட்டும் இரவல்

‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல்’. அந்த ஒரு கட்டளை முடிந்ததும் நீங்கள் மறுபடி நீங்களே. மறப்பதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் சூடோ பதிவேட்டில் உங்கள் பெயரோடு ஒரு வரி விழும். உபுண்டுவில் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காது என்பதால் தட்டும் சுமையும் அதிகமில்லை.

முதல் இடைஞ்சல், ‘அடைவுக்கு மாற முடியவில்லை, அனுமதி இல்லை’ என்ற எச்சரிக்கை. நீங்கள் உங்கள் வீட்டு அடைவில் நின்றுகொண்டு தட்டினீர்கள்; போஸ்ட்கிரெஸ் பயனருக்கு உங்கள் வீட்டுக்குள் வர அனுமதி இல்லை. சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடரும், அதை விட்டுவிடலாம். வீட்டு அடைவைப் பொதுவாகத் திறந்துவிடுவது இதற்கு மருந்து அல்ல.

எச்சரிக்கையை விடலாம், ஆனால் அதே காரணத்தால் இன்னொன்று உண்மையிலேயே உடையும். வீட்டு அடைவில் இருக்கும் எஸ்க்யூஎல் கோப்பை ‘-எஃப்’ கொடுத்து ஓட்டினால் திறக்க முடியாது என்று நின்றுவிடும். இங்கே ஒரு நல்ல உபாயம் உண்டு. கோப்பின் பெயரை ‘-எஃப்’ மூலம் கொடுக்காமல், ‘<’ குறி போட்டு உள்ளே அனுப்புங்கள். அந்தக் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), அதாவது கயல். போஸ்ட்கிரெஸ் வெறும் எழுத்துகளை வாங்கிக்கொள்கிறது. தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கும் பிஜி_டம்ப் கொண்டு வெளியே எடுக்கும்போதும் இதேதான். ‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஜி_டம்ப் கடை > கடை.எஸ்க்யூஎல்’ என்று தட்டினால் கோப்பு உங்கள் வீட்டில், உங்கள் பெயரில் விழும். யார் கோப்பைத் திறக்கிறார் என்ற இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அனுமதிப் பிழைகளில் பாதி காணாமல் போகும்.

பெரிய செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டளைதானே என்று பாதுகாப்பாகத் தோன்றினாலும், பிஎஸ்க்யூஎல்லுக்குள் நுழைந்ததும் நீங்கள் சூப்பர்யூசர். முனைக்குறியைப் பாருங்கள்: ‘=#’ என்று முடிந்தால் சூப்பர்யூசர், ‘=>’ என்று முடிந்தால் சாதாரண ரோல். ஷெல்லில் ‘#’ என்றால் ரூட் என்பதைப் போலவே இங்கேயும் அது ‘கவனம்’ என்றுதான் பொருள்படும்.

சூப்பர்யூசராக இருந்துகொண்டு அட்டவணைகளை உருவாக்கினால் அவை எல்லாம் போஸ்ட்கிரெஸ் ரோலின் சொத்து. அப்புறம் உங்கள் செயலிக்கென்று ஒரு ரோல் உருவாக்கி, ‘கிராண்ட் ஆல் ஆன் டேட்டாபேஸ்’ என்று தரவுத்தளத்தின் மீது முழு உரிமை கொடுப்பீர்கள். செயலி இணையும், முதல் வினவலிலேயே ‘அட்டவணைக்கு அனுமதி இல்லை’ என்று விழும். முழு உரிமை கொடுத்தேனே என்று திகைக்காதவர் இல்லை. அந்தக் கட்டளை தருவது இணையவும், புதிய ஸ்கீமா (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) உருவாக்கவும், தற்காலிக அட்டவணை போடவும் உள்ள உரிமையை மட்டும். ஏற்கெனவே இருக்கும் அட்டவணைகளை அது தொடுவதே இல்லை. மேசையைத் தொட வீட்டுச் சாவி மட்டும் போதாது.

ஆகவே இந்த வழி நிர்வாக வேலைகளுக்கு: ரோல் உருவாக்க, தரவுத்தளம் உருவாக்க, நீட்டிப்பு சேர்க்க, உரிமை மாற்ற. அட்டவணை போடவும் தரவு உள்ளிடவும் இதையே பழக்கமாக்கிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பரவலான தவறு என்று நினைக்கிறேன்.

## வழி 3: உங்கள் பெயரிலேயே ஒரு ரோல்

பியர் கேட்பது பெயர்ப் பொருத்தம்தானே? நீங்கள் போஸ்ட்கிரெஸ் ஆக மாறுவதற்குப் பதில், தரவுத்தளத்துக்குள்ளே ஒரு கயலை உருவாக்கிவிட்டால் போயிற்று. இரண்டே கட்டளைகள், அதுவும் ஒருமுறை மட்டும். ‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் கிரியேட்யூசர் -டி கயல்’ என்பது ரோலை உருவாக்கி, தரவுத்தளம் உருவாக்கும் உரிமையும் தரும். அடுத்து உங்கள் கணக்கிலிருந்தே ‘கிரியேட்டிபி கயல்’. இனி வெறுமனே ‘பிஎஸ்க்யூஎல்’ என்று தட்டினால் நேராக உள்ளே. சூடோ இல்லை, பாஸ்வேர்டு இல்லை, கணக்கு மாற்றம் இல்லை. வீட்டில் இருக்கும் கோப்புகள் திறக்கும். வரலாற்றுக் கோப்பு உங்களுடையது. உருவாக்கும் அட்டவணைகளும் உங்களுடையவை.

பல வழிகாட்டிகள் இந்த இடத்தில் உங்கள் ரோலுக்கு சூப்பர்யூசர் உரிமையும் கொடுக்கச் சொல்கின்றன. அப்படிக் கொடுத்தால் வழி 1-இல் இருந்த ஆபத்து முழுவதையும் வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள், அதுவும் சூடோவின் தடயம் கூட இல்லாமல். போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசரால் ‘காப்பி ... புரோகிராம்’ என்ற கட்டளை வழியே சர்வர் கணக்கின் பெயரில் லினக்ஸ் கட்டளைகளையே ஓட்ட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘-டி’ போதும்.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். பியர் ஒரே கணினிக்குள் மட்டும். வேறு கணினியிலிருந்து இணைய இது உதவாது. டிபீவர் போன்ற ஜாவா வரைகலைக் கருவிகள் இயல்பாக நெட்வொர்க் வழியே வருவதால், அதே கணினியில் இருந்தாலும் பாஸ்வேர்டு கேட்கும். சில நீட்டிப்புகளைச் சேர்க்க சூப்பர்யூசர் தேவைப்படும். பதிப்பு 13 முதல் ‘பிஜிகிரிப்டோ’, ‘எச்ஸ்டோர்’ போன்ற நம்பகமானவற்றைத் தரவுத்தள உரிமையாளரே சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தேவை குறைந்திருக்கிறது. மிஞ்சியதற்கு வழி 2 இருக்கிறதே.

கற்றுக்கொள்ளவும், தன் கணினியில் செயலி எழுதவும், அன்றாட வினவல்களுக்கும் இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை. கை தவறினாலும் போவது உங்கள் சொந்தத் தரவுத்தளம் மட்டும்.

## வழி 4: பாஸ்வேர்டோடு தனி ரோல்

இங்கே லினக்ஸ் கணக்குக்கும் ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. ‘கடைசெயலி’ என்று ஒரு ரோலை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அதன் பெயரில் ஒரு தரவுத்தளத்தையும் உருவாக்குகிறீர்கள். அந்தப் பெயரில் லினக்ஸ் பயனர் இருக்க வேண்டியதில்லை.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இதுதான். ரோலும் சரி, பாஸ்வேர்டும் சரி, ஆனால் பெரிய எழுத்து ‘-யு’ கொடுத்து அந்த ரோலாக நுழைந்தால் ‘பியர் சரிபார்ப்பு தோல்வி’. பாஸ்வேர்டை அது கேட்கக்கூட இல்லை! காரணம், எங்கே இணைய வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. அது உள்ளூர் சாக்கெட் (ஒரே கணினிக்குள் மட்டும் இருக்கும் இணைப்பு வாசல்) வழியே போனது. அங்கே பியர் காவல் நிற்கிறது. ‘-எச் லோக்கல்ஹோஸ்ட்’ என்று சேர்த்தால் நெட்வொர்க் வாசல் வழியே போகும்; அங்கே பாஸ்வேர்டுதான் செல்லும். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டு காவலர். இது தெரியாமல், யாரை எப்படி உள்ளே விடுவது என்று எழுதியிருக்கும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பைக் குடைந்து கெடுத்தவர்கள் ஏராளம்.

மறைமுகச் செலவு பாஸ்வேர்டைப் பேணுவதில் இருக்கிறது. ‘ஆல்டர் ரோல்’ கட்டளையில் பாஸ்வேர்டை நேரடியாக எழுதினால் அது வரலாற்றுக் கோப்பில் அப்பட்டமாகத் தங்கும், சர்வரின் பதிவேட்டிலும் விழக்கூடும். பிஎஸ்க்யூஎல்லுக்குள் பின்சாய்கோடு போட்டு ‘பாஸ்வேர்டு’ என்று தட்டுங்கள். திரையில் காட்டாமல் கேட்டு, உருமாற்றிய பிறகே சர்வருக்கு அனுப்பும். ஸ்கிரிப்டுகளுக்கு வீட்டு அடைவில் ‘.பிஜிபாஸ்’ கோப்பு இருக்கிறது. அதன் அனுமதி 0600 ஆக இல்லாவிட்டால், அதாவது குழுவோ பிறரோ படிக்க முடிந்தால், அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பாஸ்வேர்டைச் சரியாக எழுதியும் ஏன் கேட்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

பதிப்பு சார்ந்த இரண்டு விஷயங்கள். 2021-இல் வந்த பதிப்பு 14 முதல் பாஸ்வேர்டுகள் ‘ஸ்க்ரம்’ முறையில் சேமிக்கப்படுவதே இயல்பு. மிகப் பழைய இணைப்பு நூலகங்களுக்கு அது புரியாது. 2022-இல் வந்த பதிப்பு 15 முதல், பொது ஸ்கீமாவில் எல்லாரும் அட்டவணை உருவாக்கும் உரிமை இயல்பாகக் கிடையாது. பழைய வழிகாட்டியைப் பின்பற்றி ரோல் உருவாக்கியவர்களுக்கு ‘பப்ளிக் ஸ்கீமாவுக்கு அனுமதி இல்லை’ என்று வருவது இதனால்தான். தரவுத்தளத்தை உருவாக்கும்போதே ‘கிரியேட்டிபி’ கட்டளையில் பெரிய எழுத்து ‘-ஓ’ கொடுத்து அந்த ரோலையே உரிமையாளர் ஆக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது.

செயலிகள், வரைகலைக் கருவிகள், வேறு கணினியிலிருந்து வரும் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஆனால் தயவுசெய்து செயலியைப் போஸ்ட்கிரெஸ் ரோலாக இணைக்காதீர்கள். செயலியில் ஒரு ஓட்டை என்றால் சர்வர் முழுவதும் ஓட்டை ஆகிவிடும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | முழு மாற்றம் | ஒரு கட்டளை | உங்கள் பெயரில் ரோல் | பாஸ்வேர்டு ரோல் |
|---|---|---|---|---|
| கை தவறினால் | எல்லாத் தரவுத்தளமும், சர்வர் கோப்புகளும் | எல்லாத் தரவுத்தளமும் | உங்களுடையது மட்டும் | அந்தச் செயலியுடையது மட்டும் |
| நான் யார்? | எளிதில் மறக்கும் | ஷெல்லில் தெளிவு, பிஎஸ்க்யூஎல்லுக்குள் ‘=#’ பார்க்க வேண்டும் | எப்போதும் தெளிவு | கட்டளையிலேயே பெயர் இருக்கும் |
| அட்டவணை உரிமை | போஸ்ட்கிரெஸ் | போஸ்ட்கிரெஸ் | கயல் | செயலி ரோல் |
| தடயம் | மாறிய நேரம் மட்டும் | ஒவ்வொரு கட்டளையும் | ரோல் பெயரில் | ரோல் பெயரில் |
| செயலிக்கு | ஆகாது | ஆகாது | அதே கணினியில், அதே லினக்ஸ் பெயரில் ஓடினால் ஆகும் | இதுதான் |
| எப்போது நல்லது | மேம்படுத்தல், நகலாக்கம் | ரோல், தரவுத்தளம், நீட்டிப்பு | அன்றாட வேலை, கற்றல் | செயலி, கருவி, தொலை இணைப்பு |

## குறுக்குவழி என்று சொல்லப்படும் மூன்று

ரூட்டாகவே இருந்து எல்லாவற்றையும் செய்வது. சர்வர் ரூட்டாக ஓடாது என்றாலும், கோப்புகளை ரூட்டாக நகலெடுத்தால் உரிமையாளர் மாறிவிடும். தரவு அடைவை வேறு வட்டுக்கு மாற்றியவர்கள் ‘தரவு அடைவின் உரிமையாளர் தவறு’ என்ற செய்தியோடு தொடங்க மறுக்கும் சர்வரைச் சந்திப்பது இப்படித்தான்.

போஸ்ட்கிரெஸ் லினக்ஸ் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுவது. எஸ்யூ கேட்கிறதே, கொடுத்துவிடுவோம் என்ற எண்ணம். எஸ்எஸ்எச் திறந்திருக்கும் சர்வரில் இது அபாயம். தானியங்கி நிரல்கள் பெயர்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும்போது ரூட்டோடு போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் ஆகிய பெயர்களையும் சேர்த்தே முயல்கின்றன. பூட்டியே இருக்கட்டும்.

மூன்றாவது, பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் ‘பியர்’ என்பதை ‘ட்ரஸ்ட்’ என்று மாற்றுவது. பிழை உடனே மறையும், உண்மைதான். கணினியில் கணக்கு உள்ள எவரும் சூப்பர்யூசராக நுழையலாம் என்பதுதான் விலை. தற்காலிகமாக என்று மாற்றியதை யாரும் திருப்பி மாற்றி நான் பார்த்ததில்லை. ஏதாவது நியாயமான காரணத்துக்காக அந்தக் கோப்பில் கை வைத்தால், மேலிருந்து கீழாகப் பொருந்தும் முதல் வரியே செல்லும் என்பதையும், மாற்றிய பிறகு சர்வரை ‘ரீலோட்’ செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். புதிய வரியைக் கடைசியில் எழுதிவிட்டு எதுவும் மாறவில்லையே என்று காத்திருப்பது வழக்கமான காட்சி.

## வேறு இடங்களில் இதே கேள்வி

மைஎஸ்க்யூஎல்லில் கணக்கு மாறும் பேச்சே தேவையில்லை. அங்கே ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற லினக்ஸ் பயனர் சர்வரை ஓட்டுவதற்கு மட்டும், ஷெல்லே கொடுக்கப்பட்டிருக்காது. உபுண்டு தொகுப்பிலும், பதிப்பு 10.4 முதல் மரியாடிபியிலும், ரூட் என்ற தரவுத்தளப் பயனர் லினக்ஸ் ரூட்டோடு சாக்கெட் வழியே பொருத்தப்பட்டிருக்கிறார். ஆகவே ‘சூடோ மைஎஸ்க்யூஎல்’ என்றாலே உள்ளே. செயலிக்கு வழக்கம்போலத் தனிப் பயனரும் பாஸ்வேர்டும்.

மென்பொருள்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரில் அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் படிமத்தை ஓட்டினால், கொள்கலனுக்குள்ளே உள்ளூர் இணைப்புகள் ட்ரஸ்ட் முறையில் இருக்கும். அங்கே பழகிவிட்டு உண்மையான சர்வருக்கு வருபவர்கள் பியரைக் கண்டு அதிர்ச்சியடைவது நியாயமே. மேக்கில் ஹோம்புரூ வழியே நிறுவினால் சூப்பர்யூசர் ரோல் உங்கள் பெயரிலேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற ரோலே இருக்காது. விண்டோஸில் பியர் கிடையாது, அதனால் அங்கே பேச்சு வழி 4-இல்தான் தொடங்கும்.

## நான் இப்போது செய்வது

புதுக் கணினியில் முதல் பத்து நிமிடம் வழி 2: எனக்கு ஒரு ரோல், செயலிக்கு ஒரு ரோல், செயலி ரோலின் பெயரில் ஒரு தரவுத்தளம். அன்றிலிருந்து அன்றாட வேலையெல்லாம் வழி 3. செயலி வழி 4. வழி 1-க்குப் போகும் நாள் வருடத்தில் ஓரிரண்டு. கணக்கு மாறுவது தினசரிப் பழக்கமாக இருக்கிறது என்றால் ரோல்களை ஒழுங்காக அமைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஏற்கெனவே எல்லா அட்டவணைகளையும் போஸ்ட்கிரெஸ் பெயரில் போட்டுவிட்டவர்களுக்கு: ‘ரீஅசைன் ஓண்டு’ என்ற கட்டளையைப் பற்றிப் படித்து, ஒரே வரியில் உரிமையை மாற்றிவிடலாம் என்று ஆசைப்படுவீர்கள். போஸ்ட்கிரெஸ் ரோல் விஷயத்தில் அது ஓடாது. சர்வருக்கே தேவையான பொருள்களும் அதே ரோலின் பெயரில் இருப்பதால் மறுத்துவிடும். அட்டவணைகள் நான்கைந்து என்றால் ஒவ்வொன்றாக உரிமையாளரை மாற்றுங்கள். நிறைய என்றால் ‘பிஜி_டம்ப்’ கட்டளையில் பெரிய எழுத்து ‘-ஓ’ கொடுத்து, உரிமையாளர் தகவல் இல்லாமல் பிரதி எடுங்கள். ‘-எக்ஸ்’ சேர்த்தால் பழைய உரிமைகளும் வராது. செயலி ரோலின் பெயரில் புதிய தரவுத்தளம் உருவாக்கி, அந்த ரோலாகவே நுழைந்து பிரதியை ஏற்றுங்கள். எல்லாம் அதன் பெயரில் வந்து உட்காரும். பழைய தரவுத்தளத்தை உடனே அழிக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி வைத்து, செயலி ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு அழியுங்கள். பெயர் மாற்றும் நேரத்தில் அதனோடு எந்த இணைப்பும் திறந்திருக்கக் கூடாது. இன்னொரு டெர்மினலில் மறந்துபோன பிஎஸ்க்யூஎல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.